பாலிஷுக்குப் போன அச்சுகள்

தினேஷ், உங்கம்மா சுகம். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் உன் பழைய காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். கையெழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கிறதென்று சிரிக்காதே. பத்தாவதோடு நின்றவன் எழுதுகிற கடிதம், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். உங்கம்மா உனக்கென்று சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாய்க்குப் போகவில்லை. அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னாய். ஓரகடத்துக் கம்பெனியை மூடுகிறார்கள், மெஷின்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள், நீ சூப்பர்வைசராக நிற்கிற லைனில் கார் டேஷ்போர்டு அடிக்கிற நாற்பது பேருக்கும் இன்னும் தெரியாது, கேட்டால் மெயின்டனன்ஸ் நடக்கிறது என்று சொல்லச்சொல்லி உனக்கு உத்தரவு. அப்புறம் கவிதா என்கிற ஒரு ஆபரேட்டரைப் பற்றிச் சொன்னாய். அரக்கோணத்திலிருந்து வந்துபோகிற பொம்பளை. கம்பெனிப் பக்கத்திலேயே வீடு பார்த்திருக்கிறாள், பிள்ளையை இங்கேயே ஸ்கூல் மாற்றலாமா சார் என்று உன்னைக் கேட்டிருக்கிறாள். நீ தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாய். "என்னப்பா பண்றது?" என்று கேட்டபோது உன் குரல் எட்டாம் வகுப்புப் பையன் குரல்மாதிரி இருந்தது.

நான் என்ன சொன்னேன்? "தை மாசம் உனுக்குக் கல்யாணம். அதுவரைக்கும் வாய மூடிக்கினு கம்முனு இரு. ஊரு பேஜாரெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு?" என்றேன். நீ கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாய். அது தப்பு, தினேஷ். நான் சொன்னது தப்பு. இதற்குமேல் படிக்க உனக்கு நேரமில்லாவிட்டாலும் இந்த ஒரு வரியை மட்டும் படித்துக்கொள்.

தெரியாமல் சொன்ன தப்பும் இல்லை. இதே தப்பை நான் ஏற்கெனவே ஒருதரம் செய்தவன். உனக்கு அப்போது பதினேழு வயது, பன்னிரண்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். நான் வேலை பார்த்த கம்பெனி மூடினது உனக்குத் தெரியும், வீட்டில் கஷ்டப்பட்டது தெரியும். தினமும் வீட்டுக்கு வருகிற சூசை மாமா திடீரென்று வராமல் போனதும் தெரியும். ஏம்ப்பா வரமாட்டேங்கிறார் என்று நீ இரண்டு மூன்று தடவை கேட்டாய். சும்மா ஒரு மனஸ்தாபம் என்று சொல்லி உன்னை அடக்கிவிட்டேன். அது மனஸ்தாபம் இல்லை. நான் அவனுக்குச் செய்த துரோகம். பத்து வருஷமாக உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். சூசையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எய்திக்கோ. ஆனா நான் அயுதேன்னு மட்டும் எய்தாத" என்றான். அவன் அழவில்லை. அழுததெல்லாம் நான்தான்.

திருவொற்றியூரில் எங்கள் கம்பெனி என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். பெயிண்ட் வாளி, அதற்கு மூடி, காசிமேட்டுக்கு மீன் போடுகிற கிரேட் பெட்டி. உங்கள் ஓரகடம் அளவுக்குப் பெரிசில்லை, பதினோரு மெஷின். குருணைமாதிரி இருக்கிற பிளாஸ்டிக்கைக் கொட்டினால் உருகிப்போய் அச்சுக்குள் பாய்ந்து, இறுகி, வாளியாக வந்து விழும். சூசை மெஷினில் நிற்பான். நான் செட்டர். அச்சை செயின் பிளாக்கில் தூக்கி மெஷினில் ஏற்றுவது, போல்ட் முடுக்குவது, தண்ணீர் டியூப் மாட்டுவது, முதல் வாளி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது, எல்லாம் என் வேலை. இருபத்திரண்டு வருஷம் செய்தேன். பிளாஸ்டிக் என்றாலே இப்போது எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். எண்ணூர் கழிமுகத்தில் வலை போட்டால் மீனைவிடக் கவர்தான் அதிகம் ஏறுகிறது, அதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் யாராவது பிளாஸ்டிக்கைத் திட்டினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வலைக்காரன் வீட்டில் பிறந்து கடலைக் கண்டாலே வாந்தி எடுத்தவனுக்கு அந்தக் கம்பெனிதான் சோறு போட்டது. உங்கம்மாவைக் கட்டிக்கொடுத்தது அந்த வேலையைப் பார்த்துத்தான். நீ குடித்த பால் அந்த வாளியிலிருந்து வந்தது. அதற்கு நான் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

ஒருநாள் மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். அந்த ரூமில் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கம்பெனியை ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் மாற்றுகிறார்கள், இங்கே மூடப்போகிறார்கள், ஆட்களை அங்கே கூட்டிப்போவதாக இல்லை என்றார். ஆனால் செட்டர் ஒருவர் வேண்டும், அது நீங்கள்தான் என்றார். ஒரு மாதத்துக்குள் பதினோரு அச்சையும் இறக்கி லாரியில் ஏற்ற வேண்டும், விஷயம் வெளியே போனால் ஆட்கள் கேட்டை மறித்துவிடுவார்கள், அதனால் "பாலிஷுக்குப் போகுதுன்னு சொல்லிடுங்க" என்றார். நான் சரி என்றேன். யோசிக்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதே சரி என்றுவிட்டேன்.

பாலிஷ் என்றால் உனக்கு விளக்க வேண்டியதில்லை, உன் லைனிலும் போகும். அச்சின் உள்பக்கம் கண்ணாடிமாதிரி பளபளவென்று இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் அடித்தபிறகு கீறல் விழும், வாளியிலும் அந்தக் கீறல் வரும். அப்போது அச்சை இறக்கி அம்பத்தூர் பட்டறைக்கு அனுப்புவார்கள், நாலு நாளில் திரும்பி வரும். வருஷம் பூராவும் ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் அந்த வார்த்தையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மேனேஜர் நல்ல வார்த்தையாகத்தான் பொறுக்கிக் கொடுத்திருந்தார். முதல் அச்சு போனது, யாரும் கேட்கவில்லை. இரண்டாவது போனது. மூன்றாவதை இறக்கி இரண்டு பாதியையும் துடைத்து, கிரீஸ் டப்பாவைத் திறந்து தடவிக்கொண்டிருந்தேன். சூசை பின்னால் வந்து நின்றான்.

"இன்னா மாமே, பாலிஷுக்குப் போற அச்சுக்கு இன்னாத்துக்கு இம்மாங் கிரீஸு?"

எனக்குக் கை நின்றுவிட்டது. பாலிஷுக்குப் போகிற அச்சுக்குக் கிரீஸ் தடவ மாட்டோம். பட்டறைக்காரன் முதல் வேலையாக அதைத் துடைத்து எறிய வேண்டியிருக்கும், திட்டுவான். தூரப் பிரயாணம் போகிற அச்சுக்கும், பல நாள் சும்மா கிடக்கப்போகிற அச்சுக்கும்தான் அப்படித் தடவுவது. பொய் சொன்னது என் வாய். கை மட்டும் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவனே வழியைத் திறந்துவிட்டிருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மயக்காலம்டா, துரு புடிச்சிக்கும்" என்றேன். சூசை மேலே பார்த்தான். கூரைத் தகட்டு ஓட்டை வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. மெஷினுக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஆள் எடுக்கிறார்கள், அவன் மச்சினன் சொல்லி வைத்திருக்கிறான், அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். "நீ சொல்லு மாமே. நம்ம கம்பெனி ஓடுமா, ஓடாதா? ஓடும்னா நான் இன்னாத்துக்கு அங்க போறேன்? எனுக்கு இந்த மெஷின வுட்டா வேற இன்னா தெரியும்? ஆனா ஓடாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் யாராண்டயும் வாயத் தொறக்க மாட்டேன். மாதா சத்தியமா சொல்றேன்." ராயபுரம் கோயில் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிறவன் அவன். மாதா பெயரைச் சும்மா இழுக்க மாட்டான். நான் டீயைக் குடித்து முடித்தேன். கிளாஸை வைத்தேன். "இர்றா, பாலிஷுக்குத்தான் போவுது. எங்கியும் போவாத" என்றேன்.

உன் காலேஜ் சேர்க்கைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சேர்க்கை வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பழியை உன் தலையில் கட்ட மாட்டேன். பயந்தது நான். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. நாற்காலி கொடுத்து உட்காரவைத்துப் பேசிய மனுஷனிடம் முடியாது என்று சொல்லப் பயம். என்னை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள் என்பதில் ஒரு சின்னப் பெருமை வேறு. பயமும் பெருமையும் சேர்ந்துகொண்டால் மனுஷன் எந்தக் கலீஜுக்கும் துணிந்துவிடுவான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக மீன் கிரேட் அச்சு போன மறுநாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உள்ளே விடவில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள், இரண்டு பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆந்திராவில் எனக்கென்று சொன்ன வேலையைப் பற்றிக் கேட்க மேனேஜருக்குப் போன் போட்டேன், எடுக்கவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை ஏற்கெனவே செட்டராகப் போட்டுவிட்டார்கள். சூசை நோட்டீஸை முழுசாகப் படித்தான். திரும்பி நான் நின்ற இடத்துக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாலிஷு நல்லாப் போட்ட மாமே" என்றான். அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கன்டெய்னர் யார்டில் அதற்குள் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். அவன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுப் பக்கம் மூட்டை தூக்கப் போனான். நாற்பத்தைந்து வயசில் முதல்தரமாக மூட்டை தூக்கினவன் முதுகு என்ன ஆகும்? இன்றைக்கும் அவன் கட்டிலில் படுப்பதில்லை, தரையில்தான் படுக்கிறான். அது என்னால் வந்தது.

நான் ஏறாத கம்பெனி இல்லை. மணலியில் கேட்டேன், மாதவரத்தில் கேட்டேன். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பட்டறையெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த நேரம். நீங்கள் வந்தால் நாங்கள் எங்கே போவது என்று ஒரு செட்டர் என்னையே திருப்பிக் கேட்டான். உங்கம்மாதான் ஒரு வார்த்தை சொல்லாமல் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் நாள் பூராவும் கையை வைத்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்து வருவாள். அவளுக்குச் சோறு வடிக்க நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். முதல் நாள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "இதுக்கு நான் இறால் தண்ணியவே குடிச்சிட்டு வந்துருப்பேன்" என்றாள். அந்த வீட்டில் அன்றைக்குச் சிரிப்பு வந்ததே, அதற்கு நான் அவளுக்கு ஏழு ஜென்மம் கடன்பட்டவன். சூசை விஷயத்தை ஒருநாள் அவளிடம் ஒப்புக்கொண்டேன். சிரிக்கவில்லை. "போய் அவரு கால்ல வுயு. இல்லாங்காட்டி நேரா நின்னு சொல்லு. ரெண்டும் இல்லாம கதவச் சாத்திக்கினு குந்திக்கினு கீறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பள" என்றாள். அப்படித் திட்டியதற்கும் அவளுக்கு நன்றி. ஆனால் நான் போகவில்லை. போக முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவன்தான் வந்தான். நீ அன்றைக்கு வீட்டில் இல்லை. நான் வாசலில் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு, "கெளம்பு" என்றான். எங்கே என்று கேட்டேன். கொருக்குப்பேட்டையில் ஒரு பட்டறை, ஊறுகாய் பாட்டில் மூடி அடிக்கிறார்கள், பிளாஸ்டிக் மூட்டை இறக்கப் போயிருக்கிறான். செட்டர் சொல்லாமல் நின்றுவிட்டதால் மெஷின் மூன்று நாளாகச் சும்மா நிற்கிறதாம். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எனக்கு ஒருத்தனைத் தெரியும் என்று சொல்லிவிட்டு நேராக வந்துவிட்டான்.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு உங்கூட வர்றது சூசை?" என்றேன்.

"மூஞ்சி யாருக்கு வோணும்? ஸ்பானர எத்துக்கினு வா."

அவன் கைப்பிடியில் தொங்கிய துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அஞ்சு மாசமா உன் தெருப்பக்கம் வரக்கூடாதுன்னு சுத்திக்கினு போறேன். தெனமும் ரெண்டு கிலோமீட்டர் எக்ஸ்ட்ரா. காலு வலிக்குதுடா, வா" என்றான். அங்கேதான் நான் உடைந்து அழுதேன், தெருவில், எல்லோரும் பார்க்க. அவன் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நின்றான்.

அந்தப் பட்டறையில் அச்சை ஏற்றி முதல் மூடி சரியாக விழுந்ததும் முதலாளி நாளையிலிருந்து வாங்க என்றார். சூசையும் மெஷினில் நிற்பான் என்றால் வருகிறேன் என்றேன். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார், அவருக்கும் நன்றி. உன்னைப் படிக்கவைத்தது அந்த ஊறுகாய் மூடிதான். சூசை கொண்டுவந்து கொடுத்த வேலை அது. உன் பட்டமளிப்புப் போட்டோவில் அவனை உன் பக்கத்தில் பிடித்து நிறுத்தினேனே, அவன் என்னத்துக்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்களே, அதற்குப் பதில் இதுதான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் கேட்டேன், என்மேல் இருந்த கோபம் போயிடுச்சா என்று. "போவல. அது பாட்டுக்கு கீது. அதுக்கோசரம் நீ பட்டினி கெடக்கணுமா?" என்றுவிட்டுக் கருவாட்டை எடுத்து என் சோற்றில் வைத்தான். மன்னித்துவிட்டேன் என்று அவன் இன்றுவரை சொன்னதில்லை. சொல்லாமலே பத்து வருஷம் என்கூடச் சாப்பிடுகிறான்.

இவ்வளவும் பட்டுத் தெரிந்தவன்தான் போன ஞாயிறு உன்னிடம் கம்முனு இரு என்றான். புதன்கிழமை சூசையிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். நீ என்ன கேட்டாய், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். "நீ திருந்தவே மாட்டியா? உன் பயத்த அந்தப் புள்ளைக்கும் பூசிவுட்டியா? அரக்கோணத்துப் பொம்பள வூட்டக் காலி பண்ணிக்கினு வந்து நிக்கும்போது உன் புள்ள எந்தச் சந்துல பூந்து போவான்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். கேட்டில் அவன் அடிக்காமல் விட்ட அடி அன்றைக்கு விழுந்தது. நல்லதாய்ப் போயிற்று.

யோசித்துப் பார்த்தேன். நான் எதற்குப் பயந்தேன்? கல்யாணத்துக்கு முன்னால் உன் வேலை போனால் பெண் வீட்டில் என்ன சொல்வார்களோ என்றுதானே. சரி, அந்தப் பயத்தை நானே போய் முடித்துவிட்டு வருகிறேன் என்று இன்று காலை உங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு ராயபுரத்துக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் போனேன், அது ஒரு தப்பு, திட்டிக்கொள். சம்பந்தி துறைமுகத்துக்குக் கிளம்ப சட்டை போட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சம்பந்தி, காலங்காத்தால ஜோடியா?" என்றார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு நல்ல புத்தி வராது என்று தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். பையன் கம்பெனி மூடுகிறது, தை மாசம் அவனுக்கு வேலை இருக்குமா என்று தெரியாது, ஆட்களிடம் உண்மையைச் சொன்னால் அதற்கு முன்னாடியேகூட வீட்டுக்கு அனுப்பிவிடலாம், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். உங்கம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

சம்பந்தி பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு மகள் பவித்ராவைப் பார்த்தார். அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாரு. எங்கப்பாகிட்டயும் நான் அன்னிக்கே சொல்லிட்டேன்." சம்பந்தி சிரித்தார். "கம்பெனிக்கா பொண்ணு குடுத்தோம்? போவீங்களா, அத்தப் போயி ஒரு மேட்டர்னு சொல்லிக்கினு" என்று மீதிப் பொத்தானைப் போட்டார். அப்புறம்தான் நான் உட்கார்ந்தேன். கிளம்பும்போது பவித்ரா வாசல்வரைக்கும் வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "வேலை போறதுக்கு அவரு பயப்படல மாமா. லைன்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிடணும்னுதான் இருந்தாரு. ஞாயித்துக்கெழம உங்களப் பாத்துட்டு வந்ததுலேர்ந்துதான் இப்படிக் கெடக்குறாரு. கேட்டா, ‘எங்கப்பா வேணாம்னுட்டாரு, அவரு சொல்லி நான் இதுவரைக்கும் எதையும் மீறினதில்ல’ன்னு சொல்றாரு."

தினேஷ், நீ பயந்துபோய் என்னிடம் வழி கேட்கிறாய் என்று நினைத்திருந்தேன். உனக்கு வழி தெரிந்திருக்கிறது. கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லத் தெரிந்திருக்கிறது. அந்த வயசில் எனக்குத் தெரியவில்லை, இந்த வயசிலும் தெரியவில்லை. நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு தலையாட்டல். அதைக் கொடுக்காமல் உன் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டேன். அப்படியும் அப்பா சொல்லை மீறக்கூடாது என்று ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடக்கிறாயே, உன்னைப் பெற்றதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வேன்? கர்வமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சொல்லிவிடு. முதலில் கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல், அவள் அட்வான்ஸ் கொடுப்பதற்குள். வேறு இடத்தில் வேலை வந்திருக்கிறது, போகட்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் அடுத்தது அவர்கள். அப்புறம் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி, நீயும் அவர்கள் நடுவில் நின்று சொல். கம்பெனிக்காக வக்காலத்து வாங்காதே. கத்துவார்கள், உன்னையும் சேர்த்துத் திட்டுவார்கள். திட்டட்டும், வாங்கிக்கொள், அது உன்னைத் திட்டுகிற திட்டு இல்லை. பேசாமல் இருக்கிறவனை மட்டும் கவனித்துக்கொள், அவன் வீடுவரைக்கும் கூடப் போ. யாருக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதி வாங்கி வை. எங்கள் பட்டறையில் ஒரு ஆள் எடுப்பார்கள், சூசை கேட்டு வைத்திருக்கிறான், மூட்டை தூக்குகிற வேலை இல்லை.

உன்னை அனுப்பிவிட்டார்கள் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வா. வேலையில்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்கும் உங்கம்மாவுக்கும் தெரியும், ரசம்கூட இப்போது நன்றாக வைக்கிறேன். கல்யாணம் நடக்கும், அதைப் பற்றி நீ நினைக்கவே வேண்டாம்.

நாளைக்குத் திங்கட்கிழமை, உனக்குக் காலை ஷிப்ட். கொஞ்சம் சீக்கிரமாகப் போ. மெஷினைப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடு, ஓட ஆரம்பித்துவிட்டால் யார் காதிலும் விழாது.